தண்ணீரைவிட லேசானது

"கல்லு மூழ்கும், கட்டை மிதக்கும். எல்லாம் அடர்த்தி, மேடம், அடர்த்தி!"

லைஃப் ஜாக்கெட் விற்க வந்தவன் ஒவ்வொன்றாகக் கண்ணாடித் தொட்டிக்குள் போட்டுக் காட்டினான்.

படகுத்துறையின் பாதுகாப்பு அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். ஆறாம் வகுப்புப் பாடம். என்னமோ இவனே கண்டுபிடித்த மாதிரி அளந்துகொண்டிருந்தான்.

மேலாளர் வாயைப் பிளந்து கேட்டார். யார் பேசினாலும் அவருக்கு வாய் பிளக்கும்.

அடுத்தது ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கும் மிதவைத் துண்டு. எடையைக் கன அளவால் வகுத்து, தண்ணீரின் அடர்த்தியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை என்றான். தொட்டியில் போட்டான். மிதந்தது. சட்டென்று எடுத்துத் துடைத்து வைத்துவிட்டான்.

அப்படிச் சட்டென்று எடுத்ததில்தான் அவன் யோக்கியதை மொத்தமும் இருந்தது.

அது மெத்தைக்கடை ஸ்பாஞ்ச். ஓட்டைகளில் காற்று இருக்கும்வரைதான் அவன் கணக்கு. தண்ணீரைக் குடித்துவிட்டால் அதுவும் கல்லோடு கல்லாகக் கீழே போகும். அதை நம்பிக் கட்டிக்கொண்ட பிள்ளையும் போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தினமும் இந்தப் படகுகளில்தான் ஆற்றைக் கடக்கிறார்கள்.

அது அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். தூ, இதுவும் ஒரு பிழைப்பு!

அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நாளைக்கே அத்தனை படகிலும் ஏற்றிவிடுவார்கள். போடச் சொல்லி எங்கெங்கிருந்தோ சிபாரிசு வேறு. நேற்று வந்த சிபாரிசு அழுதுகூடக் காட்டியது.

அவள் ஒரு ஜாக்கெட்டை எடுத்து அவனுக்கே மாட்டினாள். வாரை இழுத்துக் கட்டினாள். பக்கத்திலேயே சோதனைக் குளம் இருந்தது. ஆள் முங்கும் ஆழம்.

"குதிங்க. அரை மணி நேரம் மிதந்துட்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்."

மேலாளர் கைதட்டினார். பிரமாதமான யோசனை என்றார்.

அவன் குளத்தைப் பார்த்தான். காட்டிய பல் உள்ளே போனது. பின்னால் நகர்ந்து வாரை அவிழ்க்கப் பார்த்தான். அவள் பிடியை விடவில்லை.

வந்ததிலிருந்து வாய்க்கு வாய் மேடம் போட்டவனுக்கு, மேலாளர் பக்கத்தில் நிற்பதே மறந்துபோயிற்று.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா, அக்கா?"