கை தட்டாதவ

"ஏம்மா கண்ணகி, கையில கோந்து தடவிகினு வந்தியா? தட்டினா ஒட்டிக்குமா?"

துரைக்கண்ணு மைக்கிலயே கேட்டுட்டாரு. நெசவாளர் சங்கத்து மண்டபமே கொல்லுன்னு சிரிச்சிது.

கேக்க மாட்டாரா பின்ன? ஒரு வாரம் செருப்பு தேய அலைஞ்சி அவரு ஏற்பாடு பண்ண பாராட்டு விழா. இருநூறு பேரு எழுந்து நின்னு தட்டறாங்க. மொத வரிசையில இவ மட்டும் மாமியார் செத்த மாரி குந்திகினு கீறா.

விழா யாருக்கு? தறித்தெரு பொண்ணு பானுப்ரியாவுக்கு. வயசு இருவத்தாறு. பொம்பளைங்களுக்கு மார்ல வர்ற கேன்சரப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது. இன்னும் பேருக்கு முன்னாடி டாக்டர் வரல, படிச்சிகினுதான் கீது. அதனால இன்னா? ஆரணியில நம்ம தெருவுக்கு மொத விஞ்ஞானி. வுடுவாரா துரைக்கண்ணு?

வாசல்ல பேனரு. அதுல மொதல்ல 'மார்பகப் புற்றுநோய்'னு அடிச்சிட்டான் கடைக்காரன். துரைக்கண்ணு பேஜாராயிட்டாரு. "யோவ், குடும்பம் குட்டி வர்ற எடம்யா"ன்னு கத்தி, ஜல்தியா வேற அடிக்க வெச்சாரு. இப்ப 'மகளிர் நோய் விஞ்ஞானி'ன்னு கீது. பானு போட்டோவ வுட அவரு போட்டோ கொஞ்சம் பெருசு. விழா செயலாளர் ஆச்சே!

சால்வ மேல சால்வயா போத்தி, அந்தப் பொண்ணுக்கு மூக்கு மட்டுந்தான் வெளிய தெரிஞ்சிது. அதோடவே மைக்கப் புடிச்சிது.

"சால்வ போதும்ங்க. எனக்கு ஆளுதான் வேணும். நம்ம தறித்தெருவுல நாப்பது பொம்பளைங்க ரத்தம் குடுத்து, லேடி டாக்டர்கிட்ட ஒரு தடவ செக்கப் பண்ணிக்கினா போதும். இந்த மாசக் கடைசிக்குள்ள அது முடியலன்னா என் ஆராய்ச்சிய மூடிடுவாங்க. வருஷம் பூரா வூடு வூடா சுத்திட்டேன். இதுவரைக்கும் வந்தது ஒரே ஒருத்தரு."

துரைக்கண்ணு தாவி மைக்க வாங்கினாரு. "கவலப்படாத கண்ணு! தறித்தெரு மொத்தமும் உன் பின்னாடி கீது! தட்டுங்கய்யா கைய!"

அந்தக் கைத்தட்டலுக்குத்தான் கண்ணகி ஆடாம அசங்காம குந்தியிருந்தா.

"கை வலிங்கண்ணா" ன்னா மெதுவா.

"வலிக்காதா? ஒரு வருஷமா தறிப்பக்கமே போவாம குந்தித் துன்ற கை, வலிக்கத்தான் செய்யும்!"

பின்வரிசப் பொம்பளைங்க வாயப் பொத்திகினு சிரிச்சாங்க. துரைக்கண்ணுக்கு இன்னும் ஏறிச்சி.

"அடுத்தவன் வூட்டுப் பொண்ணு மேல வந்தா சில பேருக்கு வவுறு எரியும். மோரு குடிம்மா, மோரு குடி!"

கண்ணகி முந்தானைய இழுத்து எடது கைய மூடிக்கினா.

விழா முடிஞ்சதும் ஜனம் பந்திக்கு ஓடிச்சி. பானு சால்வைய எல்லாம் நாற்காலியில போட்டுட்டு, நேரா கண்ணகிகிட்ட வந்து முட்டி போட்டுச்சி.

"ஏங்க்கா வந்தீங்க? கைய தொங்கப் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல?"

சொல்லிகினே முந்தானைய லேசா வெலக்கி, கையத் தூக்கி நாற்காலி மேல வெச்சிது. மணிக்கட்டுல இருந்து தோளு வரைக்கும் தலகாணி மாரி உப்பியிருந்துச்சி.

ஜாங்கிரி துன்னுகினு வந்த துரைக்கண்ணு அப்படியே நின்னுட்டாரு.

"இன்னாம்மா இது?"

பானு கண்ணகியப் பாத்துச்சி. "அது அவங்க சொல்லணும்ணா."

"சொல்றேன். இன்னும் எத்தினி நாளு மூடிகினு திரியறது" ன்னா கண்ணகி. "போன வருசம் தங்கச்சி வூட்டுக்கு சேத்துப்பட்டு போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அது ஆஸ்பத்திரிக்குண்ணா. ஒரு பக்க மாரே எடுத்துட்டாங்க. அக்குள்லயும் எடுத்தாங்க, அதான் கை இப்படி. எடுத்த சதையையும், ரத்தத்தையும் இந்தப் பொண்ணு ஆராய்ச்சிக்குக் குடுங்கன்னு கையெழுத்து போட்டேன். அந்த ஒரே ஒருத்தரு நாந்தான்."

துரைக்கண்ணுக்கு நாக்கு சும்மா இருக்குமா? "மொதல்லயே சொல்லியிருந்தா உனுக்கும் ஒரு சால்வ போட்டிருப்பனே!"

பானு எழுந்துச்சி.

"சால்வ வேணாண்ணா, அண்ணிய அனுப்புங்க. போன மாசம் உங்க வூட்டுக்கு வந்தேன். வாசல்லயே நிக்க வெச்சி, 'எம்பொண்டாட்டி மாரு இன்னா பொருட்காட்சியா, டிக்கெட் போட்டு காட்றதுக்கு?'ன்னீங்க. தெருவே சிரிச்சிது. அன்னிக்கி சாத்தின கதவுங்க, ஒண்ணு கூடத் தொறக்கலண்ணா."

"அட, அது தமாஷுக்கு சொன்னதும்மா!"

"சரி, நாளைக்கு அனுப்புறீங்களா?"

"அவளுக்கு இன்னா கொற? கல்லு மாரி கீறா. தெனம் பத்து மணி நேரம் தறியில குந்தறா. தறிமரம் இடிச்சி இடிச்சி மார்ல சின்னதா ஒரு கட்டி, அவ்ளோதான். ஒரு வருஷமா கீது, வலி கூட இல்ல. தறிக்காரப் பொம்பளைக்கு அதெல்லாம் சகஜம்மா!"

அவரே சிரிச்சிகினாரு. கூட சிரிக்க யாரும் இல்ல.

கண்ணகி அவரு மூஞ்சியவே பாத்தா.

"எனக்கும் மொதல்ல தறிமரந்தாண்ணா இடிச்சிது."