மாடிக்கு இன்னும் தெரியாது

முதலில் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார்.

பச்சை விளக்கு அணைந்தது. அணைந்த பிறகும் நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டார்.

சமையலறையில் மனைவி பூங்கொடி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் திரும்புவதற்குள் மாடிக்குப் போய்விட வேண்டும்.

ஏறினார். ஐம்பத்தெட்டு வயதில், சொந்த வீட்டில், திருடனைப் போல.

அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவது?

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள். கீழே கூடத்தில் ஒன்று, மாடி அறையில் ஒன்று. இரண்டையும் இணைத்துவைத்தவர் அவரேதான். கீழே ஒன்றைப் போட்டால் மேலே தானாக வந்துவிடும். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறார்.

கீழே அழித்தால் மேலேயும் தானாக அழிந்துவிடும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை, கீழே 'பூங்கொடி' என்ற ஃபோல்டரைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை, இடம் போதவில்லை என்று பழைய சினிமாப் படங்களை அள்ளி அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். அதோடு இதுவும் போயிருக்க வேண்டும். கண் என்ன பிடரியிலா இருந்தது?

அதில் இருந்தவை முப்பத்தொரு பதிவுகள். தொண்டையில் ஆபரேஷன் செய்தால் இனி பேச்சு வராது என்று டாக்டர் சொன்ன வாரம், அவள் தன் போனில் பேசிவைத்தவை. அந்தப் போனையும் தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாயிற்று. இரண்டு கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்ற தைரியம்.

பத்து மாதமாகிறது. இப்போது அவள் கூப்பிடுவதெல்லாம் கரண்டியால்தான். மாடிப்படிக் கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டினால் காப்பி. மூன்று தட்டினால் சாப்பாடு.

அவர் உடனே இறங்கமாட்டார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். இறங்கி வரும்போது காப்பியில் ஏடு படிந்திருக்கும்.

மாடியில் யுபிஎஸ் கெட்டு ஒன்பது நாள். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கிறது. அதற்குமேல் பொறுக்க முடியாமல்தான் காலையில் கீழே உள்ளதைத் திறந்தார்.

இப்போது அவர் நம்பியிருப்பதும் அந்தக் கெட்டுப்போன யுபிஎஸ்ஸைத்தான். ஞாயிற்றுக்கிழமை நடந்தது மாடிக்கு இன்னும் தெரியாது. வைஃபை கிடைத்தால் அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

பிளக்கை நேராகச் சுவரில் சொருகினார். சுவிட்சைப் போட்டார்.

திரை கறுப்பாகவே இருந்தது.

முருகா.

நீலமாயிற்று. மூலையில், வைஃபை குறியின் மேல் பெருக்கல் குறி. இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும்.

ஃபோல்டர் இருந்தது.

முப்பத்தொன்று. மூன்று தடவை எண்ணினார்.

சட்டைப் பையில் பென் டிரைவ் இருந்தது. உடனே அதில் ஏற்றியிருக்க வேண்டும். அதற்குத்தானே ஓடி வந்தார்? ஆனால் ஒன்பது நாள் பட்டினி. ஒன்றே ஒன்று என்று அமுக்கினார்.

ஹெட்போன் கீழே கூடத்து மேஜையில் கிடந்தது. அது நினைவுக்கு வருவதற்குள் ஸ்பீக்கர் பேசிவிட்டது.

"ஏனுங்க, காப்பி ஆறுதுங்க. எத்தன தடவதான் கூப்புடறது?"

குரல் கதவைத் தாண்டிப் படியிறங்கிப் போனது.

பதறி நிறுத்தினார். கீழே பாத்திரச் சத்தமும் நின்றது. அடுப்பை அணைப்பது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். சமையலறையிலிருந்து கூடத்துக்கு.

மூலையில் பெருக்கல் குறியைக் காணோம்.

யாரோ ஒயரைச் சொருகிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ. வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

ஃபோல்டரில் முப்பது. இருபத்தாறு. பத்தொன்பது.

மேஜைக்கு அடியில் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். தலை இடித்தது. திரை அணைந்தது.

எத்தனை மிஞ்சியது? பத்தா? ஒன்றா?

திரும்பப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டால் மிச்சமும் போய்விடும்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிளக் கையிலேயே இருந்தது.

அவள் வாசலில் நின்றாள். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி. படியேறியதில் மூச்சு வாங்கியது. கையில், குழந்தைகள் எழுதிப் பழகும் எலக்ட்ரானிக் சிலேட்.

"நாந்தான் பூங்கொடி... ஞாயித்துக்கெழம தெரியாம..."

தலையை ஆட்டி நிறுத்தினாள். எழுதி, சிலேட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

அழிச்சது நீங்க இல்லீங்க. நான்.

பொத்தானை அமுக்கினாள். எழுத்து போயிற்று. மறுபடி எழுதினாள்.

நான் தட்டறது உங்களுக்குக் கேக்கறதே இல்ல.

அவர் படித்து முடிக்கும்வரை நின்றாள். அதையும் அழித்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவர் அசையவில்லை. சுவரில் பிளக் பாயிண்ட், கைக்கெட்டும் தூரத்தில்.

வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. இனி தட்டவே மாட்டாளோ என்று பயம் வந்தது. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

பிறகு, கைப்பிடியில் கரண்டி பட்டது. இரண்டு தட்டு.

"வர்றேன்" என்று கத்தினார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்தப் பத்து மாதத்தில் அந்தத் தட்டுக்கு அவர் பதில் குரல் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

பிளக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

பென் டிரைவ் சட்டைப் பையிலேயே இருந்தது.