பழைய மூக்கு

மூக்கு தொலைந்து போனால் எங்கே போய்த் தேடுவீர்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்?

தனப்பிரியா முதலில் போனில் தேடினாள்.

தொலைந்தது லேசுப்பட்ட மூக்கு இல்லை. முப்பது வருஷம் கூடவே இருந்தது. நுனி உருண்டு, இரண்டு பக்கமும் அகன்று, சொந்தபந்தமெல்லாம் போண்டா என்று பேர் வைத்த மூக்கு. போன வருஷம் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து அதைச் சின்னதாக்கிக்கொண்டாள்.

சின்னதாகத்தான் ஆனது. கூடவே இடது பக்கமாகக் கோணிக்கொண்டது. மூச்சு விட்டால், குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் முனகுமே, அந்தச் சத்தம் வேறு. பஸ்ஸில் உட்கார்ந்தால் முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறொரு டாக்டரிடம் போய் அழுதாள். வயசான மனுஷர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சரி பண்ணலாம்மா. ஆனா இன்னும் ஒரே ஒரு தடவைதான் கத்தி வைக்க முடியும். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியாம நான் தொட மாட்டேன். பழைய மூக்கு தெளிவாத் தெரியற போட்டோ ஒண்ணு கொண்டாங்க. வெள்ளிக்கிழமைக்கு மேல நான் ஊர்ல இல்லை, மகன்கிட்ட வெளிநாடு போறேன். வர ஆறு மாசம் ஆகும்."

போட்டோதானே, போனில் நாலாயிரம் கிடக்கிறது என்று தைரியமாகத் திருச்செங்கோடு திரும்பினாள்.

நாலாயிரத்திலும் அவள் மூக்கு இல்லை. எல்லாம் முகத்தை வெளுப்பாக்கி, மூக்கைக் கிள்ளி எடுத்துவிடும் ஆப்பில் எடுத்தவை. சொந்தக்காரர்கள் எடுத்த படங்களில், விசேஷத்துக்கு விசேஷம் சளி பிடித்தவளைப் போலக் கையால் மூக்கை மறைத்துக்கொண்டு நின்றாள். ஆதார் அட்டையில் இருந்தது அவளா, மாமியாரா என்று பேரைப் படித்துத்தான் சொல்ல முடிந்தது.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்த வீட்டுக்காரர் சபரிநாதனுக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, உங்க போன்ல என்ற பழைய போட்டோ இருக்குதுங்களா?"

"நெறைய இருக்குதே. எல்லாம் நீ அனுப்புனது."

"அதுல எப்படி இருக்கறன்?"

"பூனைக் காது வெச்சுட்டு இருக்கற."

போனை வைத்துவிட்டாள்.

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியார் செல்லாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மணி, ஞாயித்துக்கெழம புள்ளைக்குக் காதுகுத்து. ஊரையே கூப்புட்டுப் போட்டு இப்ப மூக்கத் தேடீட்டு இருக்கற."

"நீங்கதானுங்க அத்தை, போண்டா போண்டான்னு சொல்லீட்டே இருந்தீங்க."

"போண்டா நல்லா இல்லைன்னு என்னிக்காச்சும் சொன்னனா?"

தனப்பிரியா பீரோப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்கு மட்டும் 'உய்ங்' என்றது.

மிச்சம் இருந்தது கலியாண ஆல்பம். திறந்தாள். பக்கத்துக்குப் பக்கம், கத்தி மாதிரி மூக்கு வைத்த யாரோ ஒரு சிவத்த பெண்ணுக்குச் சபரிநாதன் தாலி கட்டிக்கொண்டிருந்தார்.

ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோ அன்பரசுவிடம் ஓடினாள். கலியாணத்துக்குப் போட்டோ எடுத்தவன் அவன்தான். மகள் நித்யஸ்ரீயின் காதுகுத்துக்கு பிளெக்ஸ் அடிப்பவனும் அவன்தான்.

"தம்பி, இதோட ஒரிஜினலெல்லாம் வெச்சிருப்பீங்கல்லோ, அது வேணும்."

"அழிச்சாச்சுங்க அக்கா."

"ஏனுங்க அழிச்சீங்க?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க. இதே ஸ்டூல்ல உக்காந்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு அத்தன போட்டோவுலயும் மூக்கக் கொறைக்கச் சொன்னீங்க. முடிச்சதும், பழசு ஒண்ணுகூட இருக்கப்படாது, மாப்பிள்ளை ஊட்ல பாத்துருவாங்கன்னீங்க. அவங்க உங்கள தெனமும் நேர்லதானுங்களே பாப்பாங்கன்னு கேட்டேன். மொறைச்சீங்க."

தனப்பிரியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் அப்ப சின்னப்புள்ள, புத்தியில்லாமச் சொன்னேன். உங்களுக்கு எங்க போச்சுங்க புத்தி? கஸ்டமர் என்ன சொன்னாலும் செஞ்சர்றதா? கடவுள் குடுத்த மூஞ்சி தம்பி அது. அதுல கை வெக்க நீங்க ஆரு? இப்படியே இருக்கட்டும், இதுதான் உங்களுக்கு அழகுன்னு அன்னிக்கு ஒருத்தராச்சும் சொல்லியிருந்தா, நான் எதுக்குக் கத்திக்கு மூக்கக் குடுத்துப்போட்டு இப்பிடி மூச்சு விடக்கூட முடியாமக் கெடக்கறேன்?"

கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அன்பரசு தலையைச் சொறிந்தான். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, எதையோ திறந்து, பெரிதாக்கிக்கொண்டே போனான். திரை முழுக்க ஒரே ஒரு மூக்கு. நுனி உருண்டு, இரண்டு பக்கமும் அகன்று.

"இதுங்களா பாருங்க."

தனப்பிரியா எழுந்தே விட்டாள். திரையில் விரலை வைத்துத் தடவினாள்.

"இதேதான் தம்பி. என்ற மூக்கேதான். எத்தன லட்சணமா இருந்திருக்குது பாருங்க. இதப்போய் வேண்டாம்னேனே. எங்கிருந்து புடிச்சீங்க?"

அன்பரசு படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கினான். மூக்கைச் சுற்றிக் கன்னம் வந்தது. முன்பல் விழுந்த சிரிப்பு வந்தது. ரெட்டைச் சடை வந்தது.

நித்யஸ்ரீ.

"பிளெக்ஸுக்குன்னு காலைல அனுப்புனீங்களே, பாப்பா போட்டோ. இன்னும் நான் கை வெக்கலைங்க. கூடவே ஒரு வாய்ஸும் போட்டிருந்தீங்க. அத ஒருக்கா நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, அப்படியே செஞ்சர்றதான்னு."

போனை எடுத்து அமுக்கினான். முதலில் 'உய்ங்' என்று ஒரு சத்தம். பிறகு அவள் குரல்:

"தம்பி, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பாப்பா மூக்க மட்டும் கொஞ்சம் சின்னது பண்ணீருங்க. முடிச்சதும் பழச அழிச்சுப்போடுங்க."