ஒரு டிசைன், ஒரு குடும்பம்

“என் சேலை கிள்ளான்ல ஒரு வீட்டு ஜன்னல்ல திரையாத் தொங்குது! இதுக்கு என்ன சொல்றே, குமுதா?”

கடைக்குள் நுழையும்போதே வாணி கத்தினாள். பின்னாலேயே அவள் கணவர் லோகன், கார் சாவியை விரலில் சுழற்றியபடி வந்தார்.

“உட்காருங்கக்கா. டீ சொல்லவா?” குமுதா அளவு நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“டீயெல்லாம் வேணாம். ‘ஒரு டிசைன், ஒரு குடும்பம்’னு வாசல்ல போர்டு வெச்சிருக்கியே, சும்மாவா? அதே பச்சை, அதே ரம்புத்தான் பழக்கொத்து. தீபாவளிக்கு நான் கட்டினது, எவளோ வீட்டுல வெயிலுக்கு மறைப்பு!”

அந்தப் போர்டுதான் குமுதாவின் மூலதனம். கம்போங் மேடான் அடுக்குமாடியில் ஒற்றைத் தையல் மெஷினோடு தொடங்கியவள். ஒரு குடும்பத்துக்கு வரைந்த டிசைனை, சேலையோ ஜிப்பாவோ மெத்தை உறையோ, இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்ததில்லை. அந்தப் பேச்சுதான் அவளை பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வரை கொண்டுவந்தது. அடுத்த வாரம் கிள்ளானில் இரண்டாவது கடை.

“விடு லா, வாணி. ஒரு துணிக்கு இவ்வளவு சண்டையா? கார் டபுள் பார்க்கிங்ல நிக்குது” என்றார் லோகன்.

“நிக்கட்டும். சம்மன் வந்தா நீங்கதானே கட்டப்போறீங்க?”

“சத்தியமா வேற யாருக்கும் கொடுக்கலக்கா” என்றாள் குமுதா. மீதி வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

“அப்போ என் கண்ணு பொய்யா? பாலம் தாண்டி, மூலை வீடு, பச்சை கேட். இரு, கோயில் குரூப்ல போடறேன். உன் புதுக்கடைக்கு யார் வர்றாங்கன்னு பார்ப்போம்.”

வாணி ஃபோனைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். குமுதா லோகன் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, மன்னிச்சிடுங்க. இனிமே என்னால மறைக்க முடியாது.”

சாவி சுழல்வது நின்றது.

“அக்கா, அது உங்க வீடுதான்! புது வீடு. சர்ப்ரைஸா இருக்கட்டும், அக்காகிட்ட மூச்சு விடாதேன்னு அண்ணன் சொன்னார். திரை மட்டும்தான் கேட்டார். ஒரே குடும்பம்தானேன்னு நானே உங்க டிசைனைப் போட்டேன். போன மாசம் நேர்ல போய் மாட்டிட்டும் வந்தேன். நீங்க பால் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி!”

சொல்லி முடித்ததும் குமுதாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கடையின் பெயர் பிழைத்தது.

வாணி சிரிக்கவில்லை. ஃபோனை மெதுவாகப் பைக்குள் வைத்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

“அப்போ நம்ம வீட்டுத் திரையை விலக்கி, இடுப்புல குழந்தையோட எட்டிப் பார்த்தாளே, அவ யாருங்க?”