லைன்மேன் வீட்டு இருட்டு

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கறீங்க. சொந்த வீட்டுக்குக் குடுக்க முடியலையா?"

தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே கத்தினாள் அவள். காலையில் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட யூனிஃபார்ம் பாதித் தையலில் நின்றது.

கணவர் லைன்மேன். வேலையிலிருந்து வந்தவர் கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். லைன்மேன் வீடு இருட்டு என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

"லைன்ல ஃபால்ட். நேரமாகும்" என்றார் உள்ளே வந்தவர். கொசு வரும் என்று ஜன்னல்களைச் சாத்தித் திரையையும் இழுத்துவிட்டார்.

"ஆபீசுக்கு ஒரு போன் போடலாம் இல்ல?"

"பார்ப்பாங்க, பார்ப்பாங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷன் டார்ச்சை எரியவிட்டுத் தரையில் வைத்துவிட்டு, சுவரில் முயல் காட்ட ஆரம்பித்திருந்தார்!

டிவி அணைந்த கடுப்பில் இருந்த சின்னவன் முதலில் வந்தான். வைஃபை இல்லாமல் போனதால் பெரியவளும் அறையை விட்டு வெளியே வந்தாள். காதில் ஒயர் இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தே வெகு நாளாயிற்று.

"அப்பா, உங்க முயலுக்குக் குளிர் ஜுரம்! காது எப்படி நடுங்குது பாருங்க!"

சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். பெரியவள் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "தள்ளுங்க, நான் யானை காட்டறேன்" என்றாள்.

'நல்லா இருக்கு. நான் இங்கே ராத்திரி பூரா தைக்கணும், இவருக்கு முயல் கேக்குது' என்று அவள் பல்லைக் கடித்தபோது, வாசலில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

கணவரோடு வேலை பார்ப்பவர். அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். எதையும் நின்று செய்யத் தெரியாத மனுஷன், இன்றைக்கு வாசற்படியில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, அண்ணன் சாப்பிட்டாரா?"

"அதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

அவர் கண் கலங்கிவிட்டது.

"அவர் சொல்லலையா? இன்னிக்கு அவர் கம்பத்து மேல இருக்கும்போதே, இறங்கிட்டார்னு நினைச்சு சுவிட்சைப் போட்டுட்டேன் அண்ணி. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பாக்கெட்ல போட்டுக்கிட்டுத்தானே எப்பவும் ஏறுவார்? அது மட்டும் அவர்கிட்ட இல்லாம இருந்திருந்தா..."

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை திட்டலை அண்ணி. 'வீட்டுக்குப் போறேன், பிள்ளைங்களோட கொஞ்ச நேரம் இருக்கணும்'னு மட்டும் சொன்னார்."

உள்ளே இருந்து மூன்று பேரின் சிரிப்பும் கேட்டது. மூன்றும் இருக்கின்றன. அப்பாடா என்று நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

"அது சரி, தெரு பூரா லைட் எரியுது. உங்க வீடு மட்டும் ஏன் இருட்டா இருக்கு? நகருங்க, ஒரு நிமிஷத்துல போட்டுடறேன்."

அப்போதுதான் அவள் தெருவைப் பார்த்தாள். எதிர் வீடு, பக்கத்து வீடு, எல்லாம் பளிச்சென்று இருந்தன.

"வேணாம் தம்பி. உங்க அவசரம் இன்னிக்குப் போதும்" என்றாள், அழுகையும் சிரிப்புமாக. "அவர் நல்லா இருக்கார். நீங்களும் வீட்டுக்குப் போங்க. உங்க பிள்ளைங்களும் தேடும்."

அவரை அனுப்பிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். மெயின் பெட்டியில் ஃபியூஸ் கட்டை இல்லை. ஆணியில் தொங்கிய அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பாக்கெட் கனத்தது.

கையை விட்டு எடுத்தாள். அவள் வீட்டு ஃபியூஸ் கட்டை.

கூடத்துக்கு வந்தபோது பெரியவள் கேட்டாள்: "யாரும்மா வந்தது? கரண்ட் இப்ப வந்துடுமா?"

குரலில் வந்துவிடுமோ என்ற பயம்தான் இருந்தது. கணவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார்.

அவள் ஃபியூஸ் கட்டையைத் தையல் மெஷின் டிராயரில் போட்டு மூடினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முயலாக இருந்த அந்த நடுங்கும் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெரிய ஃபால்ட்டாம். விடியறவரைக்கும் வராதாம்."