ஈரல்

படையல் இலையிலிருந்து ஈரலை எடுத்து மூன்றாகப் பிய்த்தான் தவசி அண்ணன்.

தங்கை அவள், குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா இருந்தவரை அந்த வீட்டில் ஈரல் அவர் ஒருவருக்குத்தான். நாற்பது தாண்டியும் தவசி அதன் பக்கம் கை நீட்டியதில்லை. இப்போது தனக்கொரு துண்டு, நடுவில் உள்ள பால்பாண்டிக்கு ஒன்று, கடைக்குட்டி சோலைக்கு ஒன்று.

மூவரும் சேர்ந்தாற்போல வாயில் போட்டார்கள்.

நேற்றுதான் பதினாறு முடிந்தது. இன்றைக்குக் கறிச்சோறு. சுவரில் அப்பா, மாலைக்குள்ளிருந்து முறைத்தார்.

அவள் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். உளப்பகுப்பாய்வுக்காரர்கள் சொல்லும் கதை ஒன்று பாடத்தில் உண்டு.

ஆதியில் ஒரு கூட்டம். அதற்கு ஒரே தகப்பன். பெண்கள் எல்லாரும் அவனுக்கு. வளர்ந்த பிள்ளைகளை அடித்து விரட்டினான். ஒரு நாள் அண்ணன் தம்பிகள் கூடி வந்து அவனைக் கொன்றார்கள். தின்றார்கள். பிறகு அழுதார்கள். செத்தவனையே சாமியாக்கினார்கள். அவன் கூடாதென்று தடுத்ததையெல்லாம் தாங்களே கூடாதென்று விதித்துக்கொண்டார்கள்.

மனித சமூகம் அப்படித்தான் தொடங்கியதாம்.

"ஆதாரம் கிடையாது. கதைன்னே எடுத்துக்கங்க" என்பாள் வகுப்பில்.

போன வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அந்தப் பொம்பளைங்க என்ன ஆனாங்க மேடம்?"

பாடத்தில் அது இல்லை.

அப்பாவுக்கு மூச்சு இழுத்த அன்று ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது. தவசி கையைக் காட்டித் திருப்பி அனுப்பினான். பால்பாண்டி தலையாட்டினான். கேட்டைச் சாத்தியது சோலை. பெல்ட்டடித் தழும்பு அவன் முதுகில் இன்னும் இருக்கிறது.

அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்த அவளும் வாயைத் திறக்கவில்லை.

அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை.

அன்று ராத்திரி அவளுக்கு அழுகை வரவில்லை. ஜெரோமின் முகம்தான் வந்தது. அதே கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். அவளுக்காக வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார். வேற்று ஆள் படியேறினால் இருவரையும் வெட்டுவேன் என்று அப்பா அரிவாளை எடுத்தபோது, குறுக்கே விழுந்து தடுத்தவர்கள் இந்த மூவரும்தான்.

"அந்த ஆளு போய்ச் சேரட்டும்த்தா. நானே முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன்" என்று அவள் தலையைத் தடவிச் சொன்னவன் தவசி.

சட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஜெரோம் வீட்டுல இருந்து வந்து பேசச் சொல்லவா?"

மெல்லும் சத்தம் நின்றது.

தவசி படத்தை நிமிர்ந்து பார்த்தான். பார்வையை இறக்கவே இல்லை.

"அப்பாவுக்குப் பிடிக்காதது இந்த வீட்டுல நடக்காது."

"நீதானண்ணே சொன்ன..."

"அப்ப அவரு உசுரோட இருந்தாரு."

பால்பாண்டி எதுவும் காதில் விழாதவன்போல அப்பளத்தை நொறுக்கினான்.

உயிரோடிருந்த அப்பாவை அவள் எதிர்த்துப் பேசியிருக்கிறாள். சோறு தின்னாமல் கிடந்து பணிய வைக்கப் பார்த்திருக்கிறாள். கத்துவார். அடிப்பார். அப்புறம் அசந்து தூங்கிவிடுவார்.

படம் தூங்காது.

சோலையைப் பார்த்தாள். அவள் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. ஜெரோமின் கடிதங்களைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து தந்தவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்றில் ஒன்று உடைந்தால் போதும்.

குனிந்திருந்தான். இலையில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

"சோலை..."

"அப்பா பாவம்க்கா."



பிறகு தவசி சோற்றின் நடுவே குழி பறித்தான். பால்பாண்டியும் பறித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சோலையும்.

அவள் சட்டியை எடுத்தாள்.

யாருக்கு முதலில் ஊற்றுவதென்று தெரியவில்லை.

மூன்று இலைகளும் காத்திருந்தன.