சேட்டு ஏறிய பெட்டி

"பூனைக்கு வூடு கட்றதுக்கு எம் பொண்ணோட சீர்ப் பொட்டிதான் கெடச்சிச்சா? முடியாதுன்னா முடியாது!"

வெள்ளையம்மாள் போட்ட சத்தத்தில், அமிர்தி பஸ்சுக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரோடு அவள் வீட்டுக்குள் நின்றிருந்த இளவரசி டீச்சர் விடாமல் கெஞ்சினாள்.

"பொட்டி மட்டும்தாங்க்கா கேக்குறேன். மிஷின வெளிய எடுத்து வெச்சிக்குங்க."

"நல்லா இருக்குதே நாயம்! பொட்டியோட போனாத்தான் புதுசுன்னு நம்புவாங்க. பிரிக்கவே கூடாதுன்னு சம்பந்தியம்மா கண்டிசனா சொல்லிகீறாங்க. அவங்களும் பொண்ணு வெச்சிருக்கவங்க, எல்லாம் வெவரமாத்தான் இருப்பாங்க."

டீச்சரைப் பிடித்த பீடை அப்படி. காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, பூனை ஏறி விளையாட மூன்றடுக்குக் கோபுரம் கட்ட வேண்டும். பூனை ஏறினால் ஆடக் கூடாது. பிள்ளைகளுக்குப் பொறியியல் புரிந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார்.

மலையடிவாரத்தில் பூனைக்குப் பஞ்சமில்லை, பெரிய அட்டைப் பெட்டிக்குத்தான் பஞ்சம். ஊரிலேயே ஒன்றுதான், அதுவும் வெள்ளையம்மாள் வீட்டு மூலையில் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு நின்றது. வாஷிங் மிஷின் பெட்டி. மகள் தேவிக்குக் கண்ணமங்கலத்துப் பிரகாஷை நிச்சயம் செய்து, கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் பாக்கி. அந்த வருஷம் வெள்ளையம்மாளின் புளியமரங்கள் சரியாகக் காய்க்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் மிஷின் வந்துவிட்டதே என்று ஊருக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

வாஷிங் மிஷின் என்று கேட்டாலே டீச்சருக்குத் தோள் வலிக்கும். ஞாயிறுதோறும் சொந்த ஊரான திருப்பத்தூருக்குப் போய், வீட்டிலுள்ள அத்தனை பேர் துணியையும் கையால் துவைத்துப் போட்டுவிட்டுத் திங்கள் விடியலில் பஸ் ஏறுகிறவள். ஒன்று வாங்கலாமே என்றால், "உந் தம்பிக்கு வர்றவ எடுத்துக்கினு வருவா. நாம எதுக்குடி வாங்கணும்?" என்பாள் அம்மா. தம்பி சுரேஷுக்கு இரண்டு வருஷமாகப் பெண் தேடுகிறார்கள். டீச்சரும் இரண்டு வருஷமாகத் துவைக்கிறாள்.

இங்கே பேச்சு முற்றிக்கொண்டிருந்தது. அளவெடுக்கவென்று பிள்ளைகள் தூக்கி வந்திருந்த சத்துணவுக்கூடத்துப் பூனை சேட்டு, அந்தச் சமயம் பார்த்து ஒரே தாவலில் பெட்டிமேல் ஏறியது. பெட்டி வெறும் அட்டைபோலத் தள்ளாடியது. வழுக்கிய சேட்டு புடவையையும் இழுத்துக்கொண்டு, பக்கவாட்டு அட்டையில் நகத்தால் நாலு கோடு கிழித்துவிட்டுக் குதித்தோடியது. சாயப்போன பெட்டியை வெள்ளையம்மாள் ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த தேவி தரையைப் பார்த்தாள். டீச்சர் தேவியைப் பார்த்தாள்.

"வாங்கடா போலாம். பிஸ்கட் பொட்டியிலயே கட்டிக்கலாம்," என்றாள்.

புதனன்று கோபுரம் இரண்டு முறை சரிந்தது, வியாழனன்று மூன்று முறை. வெள்ளியன்று நின்றது. அதிகாரி சேட்டுவோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் போனபின் வேடிக்கை பார்க்க வருகிறவள்போல வெள்ளையம்மாள் வந்தாள்.

"நேத்து வரிக்கும் வுழுந்துகினே இருந்துச்சாமே டீச்சரம்மா? இப்ப இன்னா பண்ணீங்க, ஆட மாட்டேங்குது?"

டீச்சர் அடிப்பெட்டியின் மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே கந்தல் சுற்றிய இரண்டு ஓடைக்கற்கள்.

"அடியில பாரம் இருந்தா, மேல யாரு ஏறினாலும் ஆடாதுங்க்கா." சற்றுக் குரலைத் தாழ்த்தினாள். "துணி சுத்திட்டா உள்ள உருள்ற சத்தமும் கேக்காது."

வெள்ளையம்மாள் கல்லைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று அந்தப் பெட்டியை டெம்போவில் ஏற்றுவதற்குள் நாலு ஆளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "அசல் கம்பெனி மிஷினுப்பா!" என்று ஊர் மெச்சியது. தேவி கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தாள். பெட்டியைப் பிரித்தார்களா, பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று டீச்சர் ஒரு மாசம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சேதியும் வரவில்லை.

ஆனியில் டீச்சருக்குத் திருப்பத்தூருக்கே மாற்றல் கிடைத்தது. வாரம் ஒருமுறை துவைத்தவள் தினமும் துவைத்தாள். நல்லவேளை, ஆவணியில் சுரேஷுக்குக் கல்யாணம் கூடியது. கண்ணமங்கலத்துப் பெண். பெண் பார்க்கப் போன அன்றும் நிச்சயத்தன்றும் டீச்சருக்குப் பயிற்சி. இந்த முறை பூனை இல்லை, அவ்வளவுதான் ஆறுதல்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெண்வீட்டார் சீரோடு வந்து இறங்கினார்கள். பெண்ணின் அண்ணி என்று சொல்லி முதலில் இறங்கியவள் டீச்சரைக் கண்டதும் அப்படியே நின்றாள். தேவி! அன்றைக்குப் போலவே தரையைப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் நாலு ஆள் முக்கி முனகி ஒரு பெட்டியை இறக்கினார்கள். ஒட்டிய டேப்பு ஒட்டியபடி இருந்தது. பக்கவாட்டு அட்டையில் நாலு நகக்கோடு.

முழங்கால் வலியை மறந்து ஓடிவந்த அம்மா, பெட்டியை ஒரு பக்கம் அசைத்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"இனிமே உனக்கு ரெஸ்ட்டுதான்டி இளவரசி! தூக்கிப் பாரு, இன்னா கனம்!"